செண்பகத்தோப்பில் ஒரு டைனோசர்

போன வருஷம் நாங்கள் ஏழு பேர் செண்பகத்தோப்புக்குப் போயிருந்தோம். ஓடைப் பாறையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, மேலே ஆலமரத்தில் பச்சைப்புறாக்கள் பழம் தின்றுகொண்டிருந்தன.

"மாப்ள, அங்க பாரு டைனோசர்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சொன்னது பொய்யில்லை நண்பர்களே! இரண்டு காலில் நடந்த தெரோபாட் வம்சத்தில் வந்தவைதான் பறவைகள். தெரோபாட் என்றாலே டைரனோசரஸ் மாதிரி கறி தின்னி என்று நினைக்கிறோம். மங்கோலியாவின் தெரிசினோசரஸ் அரை மீட்டர் நகத்தை வைத்துக்கொண்டு இலை தழை தின்றதாம்.

"அப்ப இந்தப் பாறைய உடைச்சா எலும்பு கிடைக்குமாடா?" என்றான் ஒருவன்.

கிடைக்காது. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய இந்தப் பாறை, டைனோசர்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா. எலும்புக்கு, வண்டல் படிந்த அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு ஒட்டாமல் தனியாகக் கிடந்தது. அரியலூர் அப்போது கடலோரம்.

அங்கே கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடம்புக்காரன் என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர்! எங்கள் வகுப்பில் யாரும் அந்த உயரம் இல்லை. முதலில் அதைத் தெரோபாட் என்றுதான் எழுதினார்கள். 1995-ல் சங்கர் சட்டர்ஜி, இது நீண்ட கழுத்தோடு இலை தின்னும் சாரோபாட் என்றார். கறி தின்னி ஒரே நாளில் சைவமாகிவிட்டது!

சரி, எலும்பை எடுத்து மறுபடி அளந்து பார்க்கலாமே? முடியாது. அவ்வளவும் பொடிப்பொடியாய் உதிர்ந்து போய்விட்டதென்று 2017-ல் ஒரு கட்டுரை சொன்னது. மிஞ்சியவை பழைய அளவுகள், கோட்டுப் படங்கள், சில போட்டோக்கள். உலகிலேயே பெரிய மிருகமாக இருக்கலாம் என்கிறார்கள், காட்டத்தான் ஒன்றுமில்லை. ஜாப்பைத் தொலைத்துவிட்டு ரெக்கார்டு நோட்டை மட்டும் நீட்டினால் நம் லேபில் மார்க் போடுவார்களா?

இதைப் படித்த அன்று ராத்திரி என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சின்ன வயசில் அரியலூர்ப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனபோது பொறுக்கிய சுருள் நத்தைக் கல் அடியில் கிடந்தது. ஊரும் தேதியும் எழுதி ஒட்டலாமென்று பேப்பர் கிழித்தேன். எந்த ஓடையில் எடுத்தோம்? அத்தைக்கு போன் போட்டேன்.

"அதெல்லாம் யாருப்பா ஞாபகம் வச்சிருக்கா?" என்றாள்.