டயருக்கும் வயசு உண்டு

பாளையங்கோட்டையில் என் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் மூன்று கார்கள். ஒரு அம்பாஸிடர், ஒரு பத்மினி, ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே உற்பத்தி நின்றுபோனவை. அம்பாஸிடர்கூட 2014-ல் விடைபெற்றுக்கொண்டது. ஆகிற செலவைச் சொன்னால், வாசகிகளே, என் பெரியம்மாவுக்காக நீங்கள் கண்ணீர் விடுவீர்கள்!

அழகு என்றால் ஹெரால்டுதான். டவுன் ரதவீதிச் சந்துகளில் பம்பரமாய்த் திரும்பும். ஆனால் குடும்பத்தோடு பாபநாசம் போய்த் தாமிரபரணியில் முழுக்குப் போட வேண்டுமா? அம்பாஸிடரை விட்டால் கதியில்லை.

ஐப்பசி மழைக்கு முன் பெரியப்பா அதன் டயரைத் தட்டிக் காட்டினார். "பட்டன் தேயவே இல்லை, பார்த்தாயா?"

பெரியம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டயரின் பக்கவாட்டில் குனிந்தாள். அங்கே 3112 என்று நான்கு இலக்கம். அதாவது, 2012-ம் வருஷத்தின் 31-வது வாரம் தயாரானது! ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகி, மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும். ஈரச் சாலையில் அதை நம்ப முடியுமா?

"பேரப் பிள்ளைகளை இதிலே ஏத்த மாட்டேன்" என்றாள் பெரியம்மா. அப்பீல் ஏது?

ஒன்றின் டயர் இன்னொன்றுக்குச் சேராது. அம்பாஸிடருக்கு 15 அங்குலச் சக்கரம், பத்மினிக்கு 14, ஹெரால்டுக்கு 13. ரேடியலையும் பழைய நைலான் ரகத்தையும் ஒரே வண்டியில் கலப்பதும் ஆபத்து. ஆகவே அம்பாஸிடருக்கு நான்கும் ரேடியலாக வாங்கியாயிற்று. ஹெரால்டு செங்கல்மேல் தவம் செய்கிறது. தை பிறக்கட்டும் என்கிறாள் பெரியம்மா.