நிற்கத் தெரிந்தவன்தான் டிரைவர்

லாரி டிரைவர் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ராத்திரியெல்லாம் ஓட்டுறீங்களே, தூக்கம் வராதா?" என்பதுதான். வரும். மனுஷன்தானே, வராமல் எப்படி இருக்கும்? ஆனால் 1996-ல் கிளீனராக லாரி ஏறி, பிறகு ஸ்டீயரிங் பிடித்து, இன்றுவரை அதே பிழைப்பில் இருக்கிற எனக்குத் தூக்கத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அது பனி.

பனி என்றதும் காஷ்மீரை நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் இரண்டு தடவை லோடு கொண்டுபோயிருக்கிறேன். பனி விழுந்தால் மலைப்பாதையை அடைத்து, லாரிகளைக் கீழேயே நிறுத்திவிடுவார்கள். அங்கே ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. நம் ஊர்ப் பனி அப்படியில்லை. விடியற்காலையில் கோலம் போடும்போது தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, "என்ன குளிரு" என்று சொல்லிவிட்டுப் போகிற பனி. ரோட்டில் அதற்கு வேறு முகம்.

எனக்குச் சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பும். மார்கழியில் மழை ஓய்ந்து வானம் தெளியும். காற்றும் இருக்காது. ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துபோய், ஏரியின் ஈரமெல்லாம் தரையோடு தரையாகப் பனிமூட்டமாகத் தங்கிவிடும். எந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து விவசாயிக்குச் சந்தோஷமோ, அந்த வருஷம் டிரைவருக்குக் கவலை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் சென்னையிலிருந்து வரும்போது பரனூர் டோல்கேட் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். கொளவாய் ஏரி பக்கம் வந்ததும் யாரோ வெள்ளை வேட்டியைக் கண்ணாடிமேல் போட்ட மாதிரி ஆகிவிடும். செங்கல்பட்டு தாண்டினால் திரும்பவும் தெளியும். அப்பாடா என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால், மாமண்டூர் பாலாற்றுப் பாலத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். அடுத்தது மதுராந்தகம் ஏரி. இப்படி விட்டுவிட்டு வருவதுதான் ஆபத்து. ஒரே சீராக மூட்டமாக இருந்தால் எல்லோரும் மெதுவாகப் போவார்கள். நடுநடுவே தெளிவதால்தான் வேகம் எடுக்கிறோம்.

அந்த நேரத்தில்தான் மேல்மருவத்தூரில் சிவப்பு உடை பக்தர்கள் ரோட்டைக் கடப்பார்கள். மாலை போட்ட சாமிகளின் வேன்கள், இரண்டு நாள் தூங்காத டிரைவரோடு சபரிமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும். திருச்சி தாண்டினால் பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ரோட்டோரமாக வரிசையாக நடப்பார்கள். மார்கழியிலும் தை மாதத்திலும் ரோடு நம்முடையது மட்டுமில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேறு கதை. மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் ராத்திரியில் மாடுகள் நடு ரோட்டில் படுத்திருக்கும். பகல் வெயிலில் சூடேறிய தார், ராத்திரி வெகுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும். குளிருக்கு அது அவற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. கருப்புத் தார் ரோட்டில் கருப்பு எருமை படுத்திருந்தால் லைட் வெளிச்சத்தில் முதலில் தெரிவது அதன் கண் மட்டும்தான். அது கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அதுவும் தெரியாது.

மாமல்லபுரத்திலிருந்து அடிக்கடி கற்சிலை லோடு எடுப்பேன். 2017-ல் புவிசார் குறியீடு வாங்கிய சிலைகள். வைக்கோல் பிரி சுற்றி, மரச்சட்டம் அடித்து, மணல் மூட்டையால் முட்டுக்கொடுத்து ஏற்றுவார்கள். கோயிலுக்குப் போகிற மூலவருக்குக் கண் திறப்பது கடைசியில், கோயிலில்தான். ஒரு ஸ்தபதி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பின்னாடி இருக்கிற சாமிக்கு இன்னும் கண் திறக்கலப்பா. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நீதான் அவருக்கும் சேர்த்துப் பாக்கணும்."

பார்வையும் வேகமும்

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மெயின் டிரைவர், நான் கிளீனர். பனியில் ஓட்ட அவர் சொன்னது ஒரே ஒரு விதி: "உன் கண்ணு எட்டுற தூரத்துக்குள்ள வண்டியை நிறுத்த முடியணும். அதுதான் உன் ஸ்பீடு. போர்டுல போட்டிருக்கிறது இல்ல."

கணக்குப் போட்டால் புரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. முன்னால் ஏதோ இருக்கிறது என்று மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த நொடி போய்விடும். அதற்கப்புறம்தான் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கும். பாரம் ஏற்றிய லாரி உடனே நிற்காது. இருபது மீட்டர்தான் தெரிகிறது என்றால் 60-ல் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். ஆக்ரா – நொய்டா யமுனா விரைவுச்சாலையில் குளிர்காலத்தில் வேக வரம்பையே குறைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் அதை நாமே குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிரைட் லைட் போட்டால் நன்றாகத் தெரியும் என்று புதிதாக ஓட்டுகிறவர்கள் நினைப்பார்கள். பனியில் அது தலைகீழ். வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். எதிரில் வெள்ளைச் சுவர் நிற்கும். டிம் லைட்தான் ரோட்டைக் காட்டும். இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால், கண்ணுக்குத் தெரியாதது காதுக்குக் கேட்கும். நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. அது நின்றால் போடுவதற்கு.

கிளீனராக இருந்தபோது என் வேலை இடதுபக்கத்தைப் பார்ப்பது. "வரலாம், வரலாம்… சைக்கிள்!" என்று கத்திக்கொண்டே வருவேன். ஒரு கேபினில் நாலு கண் இருந்தது. இன்று பல வண்டிகளில் கிளீனர் கிடையாது, சம்பளம் கட்டுப்படியாகவில்லை. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். இடதுபக்க சீட்டில் இப்போது துணிப்பையும் தண்ணீர் கேனும்தான் இருக்கின்றன.

வாத்தியார் போன விதம்

2003 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். இரண்டு வண்டியும் தெற்கே இருந்து லோடோடு வந்துகொண்டிருந்தன. வாத்தியார் எனக்கு அரை மணி நேரம் முன்னால். உளுந்தூர்பேட்டைக்குத் தெற்கே அவர் வண்டி பின்சக்கரம் பஞ்சர். தாரை விட்டு முழுதாக மண்ணில் இறக்கி நிறுத்தியிருந்தார். பார்க்கிங் லைட் எரிந்தது. கிளீனர் பையனை அறுபது தப்படி பின்னால் அனுப்பி மரக்கிளை போடச் சொல்லியிருந்தார். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்திருந்தார்.

பனியில் வந்த ஒரு வேன், கிளையையும் தாண்டி, ரோட்டையும் விட்டு இறங்கி, ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தவர்மேல் மோதிவிட்டது. வேன் ஓட்டியவர் கண் அசந்துவிட்டார்.

நான் வந்து சேர்ந்தபோது சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரும் தொடவில்லை. தொட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம். 108 ஆம்புலன்ஸ் வராத காலம். காய்கறி ஏற்றி வந்த ஒரு வண்டியை மறித்து, அதில் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்குள் ஓடுகிற எண்ணம் இதுதான். நாம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், நம் உயிர் பின்னால் வருகிறவன் கண்ணிலும் இருக்கிறது. அவன் உயிர் நம் கண்ணில் இருக்கிறது. இதைக் குடும்பங்கள் படிக்கிற ஒரு பத்திரிகையில் எழுத வேண்டும் என்று தோன்றியதற்கும் அதுதான் காரணம். லாரி டிரைவர்களுக்குள் நாங்கள் பேசிக்கொள்வதால் மட்டும் பயனில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தில் உதவுகிறவர்மேல் வழக்கு போட முடியாதபடி 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2021 டிசம்பர் 18-ம் தேதி 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை முதலமைச்சர் இதே ரோட்டில், மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைத்தார். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தயவுசெய்து வேடிக்கை பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033.

நிற்பதற்கு ஒரு விலை

பனி அதிகமானால் நிறுத்திவிட வேண்டும். இது எல்லா டிரைவருக்கும் தெரியும். பிறகு ஏன் நிறுத்துவதில்லை? நிறுத்தினால் நஷ்டம் எங்களுக்கு. லோடு தாமதமானால் பேட்டாவில் பிடித்தம். ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நான் ஓட்டிய வண்டிகளில் அந்த அரை மணியை யாரும் கணக்கில் வைத்துப் பார்த்ததில்லை. நிறுத்தவும் இடம் வேண்டுமே? பாரம் ஏற்றிய வண்டியை நிறுத்த வசதியான இடம் ரோட்டில் ரொம்பக் குறைவு. ஒரு டீக்கடை ஓரம் ஒதுங்கினால், "எடு, எடு" என்று விரட்டுவார்கள்.

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அன்று நான் சிலை லோடு ஏற்றி முடித்து அங்கேதான் இருந்தேன். சாயங்காலத்துக்குள் புக்கிங் ஆபீஸிலிருந்து மூன்று போன். "இப்ப கிளம்பினா புயலுக்கு முன்னாடி திண்டிவனம் தாண்டிடலாமே?" என்றார்கள். சவுக்குத் தோப்பு ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தபடி, "இல்லீங்க, காலையில பாக்கலாம்" என்றேன். விடிந்து கிளம்பியபோது வழியெல்லாம் மரக்கிளை கிடந்தது. அந்த டிரிப்பில் பேட்டா குறைந்தது. அதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "நீங்க முழுசா வந்தீங்கல்ல, அது போதும்" என்றாள்.

அவளுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. நான் ஓட்டும்போது அவள் போன் செய்ய மாட்டாள். எங்கே நிறுத்தினாலும் நான் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். ராத்திரி மூன்று மணிக்கு மிஸ்டு கால் வந்தால் அவளுக்குச் சந்தோஷம். மனுஷன் எங்கேயோ நிறுத்தித் தூங்கப் போகிறார் என்று அர்த்தம்.

இந்த வருஷம் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. தங்கை மகனுக்கு இருபத்திரண்டு வயசு. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. "ஹெவி எடுக்கப் போறேன் மாமா, உங்ககூட வர்றேன்" என்கிறான். தங்கை அழுதாள். "அண்ணே, நீ பட்டது போதாதா? இவனையும் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

இரண்டு பேருக்கும் பதில் சொல்ல எனக்கு நாலு நாள் ஆனது. இது கேவலமான தொழில் இல்லை. நாங்கள் ஓடவில்லை என்றால் உங்கள் வீட்டுக்கு அரிசி வராது, மருந்துக் கடைக்கு மாத்திரை வராது. 2025 அக்டோபர் முதல் தயாராகிற புது லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்றாகிவிட்டது. கண்ணாடி உள்பக்கம் பனி படிந்து துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டிய எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓட்டினவனுக்குத்தான் தெரியும். தொழில் மாறிக்கொண்டுதான் வருகிறது.

கடைசியில் அவனிடம் சொன்னேன்: "ஸ்டீயரிங் அப்புறம். ஒரு மார்கழி, ஒரு தை முழுக்க இடதுபக்க சீட்டுல உக்காரு. ரோட்டைப் பாரு. எங்க நிறுத்தணும்னு நீ எனக்குச் சொல்லணும். அது சரியா வந்தா லைசென்ஸுக்குப் போலாம்." தங்கைக்கு இன்னும் முழுசாக மனசு ஆறவில்லை. ஆனால் மகனுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

முதல் வாரத்திலேயே, ஒரு விடியற்காலை மாமண்டூர் நெருங்கும்போது, "மாமா, பாலம் தெரியல. ஒதுங்கிடலாமா?" என்று கேட்டான். ஒதுங்கினோம். வெயில் வந்த பிறகு போனோம்.

பொங்கலுக்குக் காரில் ஊருக்குப் போகிறவர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால் டிராஃபிக் இருக்காது என்று கணக்குப் போடாதீர்கள். பனியும் தூக்கமும் சேர்ந்து வருகிற நேரம் அது. போகி அன்று இன்னும் கவனம். 2018 போகிக்குப் புகையும் பனியும் சேர்ந்து, சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களையே வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். முன்னால் போகிற லாரியின் சிவப்பு லைட்டை ஒட்டியபடி போகாதீர்கள். அவன் தவறினால் நீங்களும் தவறுவீர்கள். வண்டி நின்றுவிட்டால் தாரை விட்டு இறக்கி, நாலு இண்டிகேட்டரும் போட்டு, எல்லோரும் இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள். காருக்குள் உட்காராதீர்கள், பின்னால் நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். டிரைவருக்குக் கண் சொக்கினால் பாட்டுப் போட்டு எழுப்பாதீர்கள். நிறுத்தித் தூங்க விடுங்கள்.

ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் பொங்கல் ஒன்றும் ஆறிவிடாது. உங்களுக்காக அடுப்பை அணைக்காமல் யாராவது காத்திருப்பார்கள்.