கடலில்லா ஊரின் நெய்தல்

தமிழர் வகுத்த ஐந்திணைகளுள் நெய்தலுக்குரிய உரிப்பொருள் இரங்கல் ஆகும். கடல்மேற் சென்றவனை எண்ணிக் கரையில் நிற்பவளின் துயரம் அதனுள் அடங்கும். மகளிரை உடன் அழைத்துக் கடற்பயணம் மேற்கொள்ளும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியர் கூறும் விதி. வகுப்பறையில் பல ஆண்டுகள் நடத்திய அந்நூற்பாவுக்கு உயிருள்ள உரையாக அமைந்தது, எழுபது வயதுத் தாயாரொடு யான் சென்ற ஒரு கப்பற் பயணம்.

என் தாயார் நாகூரில் பிறந்தவர். அவர்தம் தந்தையார் பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்தார். 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் கப்பலே அக்காலத்தில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளை இணைத்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணையாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணியர் படகேறிச் சென்று அதனை அடைவர். படகு மறையும்வரை பாட்டியார் கரையில் நிற்பாராம். பின்னர் அத்தடத்தில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீக்கிரையானதோடு அந்தக் கடல்வழியும் முடிவுற்றது.

2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்கு ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்படலாயிற்று. அவ்வாண்டே தாயாரை அதில் அழைத்துச் சென்றேன்.

கப்பலில் முதல் நாள் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. “அடுப்படி இல்லாத வீடு உண்டா தம்பி?” என்று கேட்டார். ஐம்பதாண்டுகளாகச் சமையலறையில் நின்ற கால்களுக்கு ஓய்வு புதியதாக இருந்தது. இரண்டாம் நாள் பஜ்ரு தொழுதுவிட்டு மேல்தளத்து நாற்காலியில் அமர்ந்தவர், வெயில் ஏறும்வரை எழவேயில்லை. கரை தென்படவில்லை, பறவையும் இல்லை. நாற்புறமும் நீலம். நெடுநேரம் கழித்து மெல்லக் கேட்டார்: “இம்புட்டுத் தண்ணியைத் தாண்டியா வாப்பா மணியார்டர் அனுப்பினாக?”

அவ்வொரு வினாவில் அறுபதாண்டு மனக்குறை கரைந்ததை யான் கண்டேன். ஆண்டுக்கணக்கில் வாராத தந்தைமீது அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. தூரத்தைக் கண்ணால் கண்ட பிறகே அவ்வருத்தம் இரக்கமாக மாறியது. கரையில் நிற்பவருக்குக் கடலின் ஒரு விளிம்பே தெரியும். அதன் அகலம் கடப்பவருக்கே புலனாகும்.

திருகோணமலை, உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. கோணேசர் கோயில் விளங்கும் சுவாமி மலையையும், பிரெட்ரிக் கோட்டைக்குள் அச்சமின்றி மேயும் மான்களையும் கண்டோம். ஆயினும் தாயாரை ஈர்த்தது கடைத்தெருவே. பழம் விற்ற பெண்மணி ஒருவர், “உம்மா, வாங்கோ” என்றழைத்தார். அவர்தம் மகன் ‘வாப்பா’ என்று யாரையோ கூவினான். தம் நாகூர்ச் சொற்கள் கடல் கடந்தும் வாழ்வதைக் கேட்ட தாயார், வேண்டாத பழங்களையும் வாங்கிக்கொண்டார். அன்று மாலை கப்பல் புறப்படுகையில், கரையிலிருப்போருக்குக் கையசைத்தவர் அவரே. அவர் குடும்பத்தில் கப்பலிலிருந்து கையசைத்த முதற்பெண் அவர்தாம்.

மாணவச் செல்வங்களே! எங்கள் அவனியாபுரத்தில் கண்மாய் உண்டு; கடல் இல்லை. எனினும் நெய்தல் உண்டு. ஊரையடுத்த மதுரை விமான நிலையத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரை வழியனுப்பிவிட்டுத் திரும்பும் மகளிரின் முகத்தில் அதே இரங்கலைக் காண்கிறேன். கைபேசித் திரை முகத்தைக் காட்டுகிறது, தூரத்தைக் காட்டுவதில்லை. பொருள்வயிற் பிரிந்தவனின் உழைப்பைப் போற்றும் நாம், அவனுக்காக வீட்டைத் தாங்கி நின்றவளின் உழைப்பையும் எண்ணுதல் வேண்டும்.

முதற் சம்பளத்தில் தாய்க்குச் சேலை எடுப்பது நம் மரபு. அம்மரபு வாழ்க! அடுத்த சம்பளத்தில் அவருக்கு ஒரு பயணச்சீட்டும் எடுங்கள். நீங்கள் கடந்த தூரத்தை அவரும் ஒருமுறை கடக்கட்டும்.