மடிக்கணினியும் ஒரு ரிமோட்டே!



டி.வி. ரிமோட்டைத் தொடாத நாள் நமக்கு உண்டா? பட்டனை அழுத்துகிறோம், சேனல் மாறுகிறது, அதோடு சரி. ஆனால் அந்தச் சின்ன பட்டனை அழுத்த முடியாத ஒருவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் தாத்தாவின் நிலைமை அதுதான்.

தாத்தா ராஜபாளையத்தில் நூற்பாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். நைட் ஷிப்டுக்குக் கூட சைக்கிளிலேயே போய் வந்த மனுஷர். பக்கவாதம் வந்த பிறகு வலது கை வழங்கவில்லை, இடது கை நடுங்கும். ரிமோட்டைப் பிடித்தால் பட்டனில் விரல் நிற்காது. "யாராவது வந்து மாத்தி விடுங்கப்பா" என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிட வேண்டும். நாளாக நாளாகக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். எந்த சேனல் ஓடுகிறதோ அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சித்தப்பா பழைய இரும்புக் கடைக்குப் போட எடுத்து வைத்திருந்த ஒரு மடிக்கணினி வீட்டில் கிடந்தது. பேட்டரி போய்விட்டது, சார்ஜரில் மட்டும் ஓடும். அதன் ஓரத்தில் கருஞ்சிவப்பாய் ஒரு சின்னக் கண்ணாடி. அதுதான் இன்ஃப்ராரெட் போர்ட். 1993-இல் அமைந்த 'இர்டா' என்ற கூட்டமைப்பு வகுத்த முறை இது. இரண்டு கருவிகளை ஒரு மீட்டருக்குள் எதிரெதிரே வைத்தால் வயர் இல்லாமலே ஃபைல் போகும். ப்ளூடூத் வந்ததும் இதன் மவுசு போயிற்று. லினக்ஸ் கூட 2018-இல் 4.17 பதிப்போடு இதைக் கைவிட்டுவிட்டது.

இதுவும் அகச்சிவப்பு, ரிமோட்டும் அகச்சிவப்பு. அப்போ இரண்டும் பேசிக்கொள்ளாதா? நேரடியாகப் பேசாது நண்பர்களே! ரிமோட்டின் ஒளி பொதுவாக 940 நானோமீட்டர், இர்டாவின் ஒளி 850 முதல் 900 வரை. அதைக் கூட சமாளிக்கலாம். பேசும் விதமே வேறு என்பதுதான் சிக்கல். ரிமோட் ஒளி வினாடிக்குச் சுமார் 38,000 தடவை மினுக்கும். பெட்டியில் இருக்கும் சென்சார் அந்த மினுக்கலை மட்டுமே ஏற்கும். அதனால்தான் டியூப்லைட் வெளிச்சம் அதைக் குழப்புவதில்லை. இர்டாவிலோ அப்படி ஒரு கேரியர் கிடையாது. '0' என்றால் ஒரு சிறு மினுக்கல், '1' என்றால் இருட்டு. அவ்வளவுதான்.

இங்கேதான் நாம் படித்த சீரியல் கம்யூனிகேஷன் கை கொடுத்தது. போர்ட்டின் உச்ச வேகம் வினாடிக்கு 1,15,200 பிட். மூன்று பிட்டுக்கு ஒரு '0' வந்தால்? 1,15,200-ஐ மூன்றால் வகுங்கள்: 38,400. சென்சாருக்கு அது போதும்! எட்டு பிட் எழுத்தாக அனுப்பினால் ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்துப் பத்து பிட், மூன்றால் வகுபடாது. ஏழு பிட் என்று வைத்தால் மொத்தம் ஒன்பது. ஸ்டார்ட் பிட் எப்போதுமே '0'. நான்காவது, ஏழாவது இடங்களிலும் '0' வர வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஆஸ்கி 91 வருகிறது. அந்த ஒரே எழுத்தை விடாமல் அனுப்பினால் போர்ட் ரிமோட் போலவே மினுக்கும். ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய 78 மைக்ரோ செகண்ட் ஆகும்.

அடுத்து, எதைச் சொல்வது? எங்கள் லேப் சாரிடம் அனுமதி வாங்கி, செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை டி.எஸ்.ஓ.பி. 1738 சென்சார் முன்னால் அழுத்தி, ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். என்.இ.சி. முறை! முதலில் 9 மில்லி செகண்ட் ஒளி, 4.5 மில்லி செகண்ட் இடைவெளி, பிறகு 32 பிட். ஒவ்வொரு பிட்டும் 562.5 மைக்ரோ செகண்ட் ஒளியில் தொடங்கும். அதன் பின்னால் வரும் இருட்டு அதே அளவு என்றால் '0', மூன்று மடங்கு என்றால் '1'. அதாவது தொடக்க ஒளிக்கு நம் எழுத்து 115 தடவை, பிட் ஒளிக்கு 7 தடவை. இடைவெளிக்கு ஒன்றும் அனுப்பாமல் சும்மா காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு பிசகினால் போச்சு. நடுவில் வேறு வேலைக்கு ஓடாத இயங்குதளம் வேண்டும் என்று ஃப்ரீடாஸ் ஏற்றி, டர்போ சி-யில் புரோகிராம் எழுதினேன். "இன்னமுமா டர்போ சி?" என்று நாம் கேலி செய்வோமே, அதேதான்!

இன்னொரு சங்கடம், தூரம். நிஜ ரிமோட்டில் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் எல்.இ.டி. எரியும். இதில் 26 மைக்ரோ செகண்டுக்கு 1.6 தான். டி.வி. பக்கம் எட்டவில்லை. ஆகவே நீளமான ஏ.வி. வயர் போட்டு, பாக்ஸைக் கட்டில் பக்கத்து ஸ்டூலுக்கே கொண்டு வந்துவிட்டேன். ஸ்பேஸ் பாரில் சிவப்புத் தாள்: அடுத்த சேனல். என்டரில் பச்சைத் தாள்: முந்தைய சேனல். கையை அப்படியே வைத்தாலே போதும், விரல் குறி பார்க்க வேண்டியதில்லை.

ஆடிப்பூரத்தன்று உள்ளூர் கேபிளில் ஆண்டாள் தேரோட்டம் காட்டினார்கள். அந்த வடத்தை எத்தனையோ வருஷம் இழுத்த கை தாத்தாவுடையது. சேனல் சேனலாகத் தள்ளி, தேர் வந்ததும் தானே நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "எலே, இனிமே நான் யாரையும் கூப்பிட வேண்டாமுல்ல?" என்றார்.

சந்தையில் பெரிய பட்டன் ரிமோட் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் கிடைக்கிற பொருளை மாற்றி அமைக்கத் தெரிந்தவன்தானே டிப்ளமோக்காரன்? நம் சிலபஸில் இருக்கும் பாட் ரேட்டும் கேரியரும் பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால் என்னிடம் வாருங்கள். புரோகிராம் இரண்டு பக்கம்தான், நகல் எடுத்துத் தருகிறேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் துறை