அப்பாச்சியின் ஆறு மீன்கள்

1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது நான் ஐந்து வயதுச் சிறுவன். மண்ணெண்ணெய் அருமையாயிருந்த அந்நாட்களில், இராச்சாப்பாடு முடிந்ததும் குப்பிவிளக்கை அணைத்துவிட்டு, அப்பாச்சி முற்றத்திற் பாய் விரித்து வானத்தைக் காட்டுவார். "அந்தா கார்த்திகை. எண்ணு பாப்பம் மோனை, ஆறு இருக்கும்" என்பார். நானும் ஆறே எண்ணினேன்.

இன்று அப்பாச்சிக்குத் தொண்ணூறு வயது. சந்திரனைக் காண்கிறார், மீன்களைக் காணார். அந்த ஆறையும் படமாக்கி அவர் கண்ணருகே வைக்க வேண்டுமென ஆசை கொண்டேன்.

எளிதென்றே எண்ணினேன். பூமியோ மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கின்றது. என்னுடைய 135 மில்லிமீற்றர் வில்லையில் நான்கு விநாடி கடந்தாலே மீன்கள் கோடாகிவிடும். ஆகையால் வானோடு மெல்லத் திரும்பும் பொறியொன்றின்மீது கமராவைப் பொருத்தல் வேண்டும். அதன் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்க வேண்டும். எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறையப் பத்துப் பாகை உயரத்திலேயே நிற்கும். முற்றத்திலிருந்து பார்த்தால் அது பனைகளுக்குப் பின்னே மறைந்துவிடும். குத்துமதிப்பாகத் திருப்பி வைத்தேன்; மீன்கள் யாவும் நெல்மணிகளாய் நீண்டு விழுந்தன.

விளக்கீட்டு நாளிற் படமெடுக்க இயலாது. அன்று முழுமதி கார்த்திகையின் அருகேயே நிற்கும். மார்கழி மழையோடு கழிந்தது. தை அமாவாசை இரவு வடகரைக்குச் சென்றேன். மரமில்லாத கடலின்மேல் துருவ நட்சத்திரம் தனித்து நின்றது. இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக அறுபது படங்கள் எடுத்து, வீட்டிற் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தேன்.

ஆறு மீன்கள் நூறாயின. அவற்றைச் சுற்றி நீலப் புகைபோன்ற ஒரு படலமும் தோன்றிற்று. மீன்கூட்டம் கடந்து செல்லும் தூசு அது. அவற்றின் ஒளியில் நீலத்தையே மிகுதியாகச் சிதறுகின்றது. கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. வந்ததை வந்தவுடன் செலவழித்துவிடும். கமராவோ துளி துளியாய்ச் சேர்க்கும். 1885 ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் போல், புறொஸ்பே ஆன்றி என்னும் சகோதரர் எடுத்த படத்தில், இக்கூட்டத்தின் மாயா என்னும் மீனைச் சூழ்ந்து, அதுவரை எவர் கண்ணுக்கும் புலப்படாத முகிலொன்று இவ்விதமே வெளிப்பட்டது. ஏறக்குறைய 440 ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் ஒளி இது. யாழ்ப்பாண இராச்சியம் நிலவிய காலத்திற் புறப்பட்டு, அந்தத் தை இரவில் என் கமராவை வந்தடைந்தது.

படத்தைப் பெரிதாக அச்சிட்டு அப்பாச்சியின் கையிற் கொடுத்தேன். முகத்தோடு அணைத்துப் பிடித்து, விரல் வைத்து எண்ணினார். ஆறிலே விரல் நின்றது.

"மிச்சமெல்லாம் ஆர் மோனை?"

"அப்பவும் நிண்டதுகள்தான், அப்பாச்சி. எங்கட கண்ணுக்குத்தான் எட்டேல்லை."

சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு, படத்தைத் தம் தலைமாட்டில் மாட்டிவிடச் சொன்னார்.