விடுபட்ட ஓலைகள்

'ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' கணினி விளையாட்டின் இரண்டாம் பாகத்தை நாம் ஆடினோம் என்பதைவிட, சிதைந்த பிரதியொன்றாக வாசித்தோம் என்பதே பொருந்தும். முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிட்டாத பதிற்றுப்பத்தை ஆண்டுதோறும் பாடம் சொல்லிவரும் நமக்கு அச்சிதைவு அந்நியமாகப் படவில்லை. அங்கே தின்றது காலம், இங்கே, காலக்கெடு.

அப்சிடியன் நிறுவனம் ஒன்றரை ஆண்டுக்கும் குறைவான அவகாசத்தில் இதனை உருவாக்கியது. வெளியீட்டாளரான லூகாஸ்ஆர்ட்ஸ் 2004 டிசம்பரில், பண்டிகைச் சந்தை நேரத்தில், எக்ஸ்பாக்ஸ் வடிவை விற்பனைக்கு விட்டது. கணினி வடிவு 2005 பிப்ரவரியில் வந்தது. கிரேயா என்னும் பார்வையற்ற முதிய ஆசிரியையே கதையின் உயிர். நன்மையையும் தீமையையும் ஒருசேர ஐயுறும் இத்தகைய பாத்திரம் இவ்வகை விளையாட்டுகளில் அரிது. அவளை நோக்கியே நகரும் கதை, மலாக்கோர் என்னும் இறுதிக் கோளை எட்டியதும் தடுமாறுகிறது. உடன்வந்த தோழர் பலர் என்னவாயினர் என்பதே தெரிவதில்லை. பறக்கும் சிற்றெந்திரம் ஒன்றை மற்றோர் எந்திரம் வழிமறிக்கிறது. காட்சி அவ்விடத்தே அறுந்துவிடுகிறது.

வெட்டியவற்றை முற்றாக அழிக்கவும் நேரமில்லை போலும்! பதிவுசெய்த குரல்களும் உரையாடல்களும் கணினி வட்டிலேயே உறங்கிக் கிடந்தன. ஆர்வலர் குழுவொன்று பல்லாண்டு உழைத்து, ஊதியமின்றி, அவற்றைக் கோத்தது; அதன் 1.8 பதிப்பு 2012இல் வெளியானது. எச்கே-50 எந்திரங்களின் தொழிற்சாலை அவ்வாறு மீண்டதுதான். ஆனால் எம்4-78 என்னும் எந்திரக் கோளை அவர்கள் அதனுள் சேர்க்கவில்லை; அது தனித் தொகுப்பாகவே வந்தது. நாம் பெரிதும் மதிப்பது இம்முடிவையே. கிடைத்ததையெல்லாம் மூலத்துள் நுழைத்துவிடத் துடிக்கும் கை பதிப்பாசிரியனுக்கு ஆகாது.

பழி முழுவதையும் வெளியீட்டாளர் தலையில் கட்டுவதும் முறையன்று. தம் தரப்பும் அளவுக்கு மீறித் திட்டமிட்டதைத் தலைமை வடிவமைப்பாளர் கிறிஸ் அவெல்லோனே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். எனினும் நாள் குறிக்கும் அதிகாரம் எவரிடம் இருந்ததோ, அவர் பங்கே பெரிது என்பது நம் எண்ணம்.

2022இல் நின்டெண்டோ ஸ்விட்ச் வடிவைக் கொணர்ந்த ஆஸ்பைர் நிறுவனம், மீட்ட பகுதிகளைப் பின்னர் இலவசமாகச் சேர்ப்பதாக விளம்பரம் செய்தது. அதை நம்பி வாங்கியோர் உண்டு. 2023 ஜூனில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஈடாக வேறொரு விளையாட்டை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள், விடுபட்ட இயலைக் கேட்டவனிடம் வேறொரு நூலை நீட்டுவதுபோல.