நின்றுகொண்டே தூங்கும் மேஜை

நெசவாளி வீட்டில் பிறந்தவனுக்கு இடத்தின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டாம். அருப்புக்கோட்டையின் பழைய தறி வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? பாதி வீட்டைத் தறி எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் குடும்பம். அதனால் மற்ற சாமான்கள் எல்லாம் வேலை முடிந்ததும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தலாம். கயிற்றுக் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்க்கலாம். சேலைத் தொட்டிலை அவிழ்த்தால் உத்தரம் மட்டும் மிச்சம்!

இப்படிப்பட்ட வீட்டில் மேஜைக்கு என்ன வேலை? எங்களுக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம், அப்பாவின் முழங்கால்.

நாற்பது வருஷம் குழித்தறியில் மிதித்த கால். இப்போது தரையில் சம்மணம் போட்டால், எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். "கட்டில்லயே உக்காந்து சாப்பிடுங்க மாமா" என்று என் மனைவி தட்டை நீட்டினால், "நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கெடக்கேன்?" என்று கோபம் வரும். கொஞ்ச நாளில் ராத்திரிச் சாப்பாடே வேண்டாம் என்றார். பசிக்காமல் இல்லை, எழுந்திருக்கப் பயம்.

கடை டைனிங் டேபிளை எங்கள் பத்துக்குப் பத்து கூடத்தில் போட்டால் மேஜை உள்ளே, நாங்கள் தெருவில்! சுவரில் கீல் வைத்த மடக்குப் பலகைதான் ஒரே வழி. "நானே செய்யறேன்" என்றேன். "பி.காம்.ல தச்சு வேலையும் சொல்லித் தந்தாங்களா?" என்றாள் மனைவி.

சிரிக்க வேண்டாம். 1974-ல் இத்தாலியில் என்ஸோ மாரி என்ற டிசைனர், வெறும் பலகையும் ஆணியும் சுத்தியலும் இருந்தால் யாரும் செய்துகொள்ளக்கூடிய மேஜை, நாற்காலிகளின் வரைபடங்களை வெளியிட்டார். தன் கையால் ஒரு சாமானைச் செய்து பார்த்தவனுக்குத்தான் நல்ல சாமானின் அருமை தெரியும் என்பது அவர் கட்சி.

முதலில் மரம். நம்ம பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம்தான். கரிமூட்டத்துக்கு அது ராஜா. நேராக மூன்றடிப் பலகை கேட்டால் நெளியும். நல்லவேளை, திருச்சுழி பக்கம் அத்தை வீட்டுக் கொல்லையில் காற்றுக்குச் சாய்ந்த வேம்பை அறுத்து வைத்திருந்தார்கள். பலகைக்குப் பலகை நடுவே குச்சி கொடுத்து, இரண்டு வருஷம் நிழலில் காய்ந்தது. நம்ம ஊர் வெயிலில் நேரடியாகக் காயப்போட்டால் பலகை பிளந்துவிடும்.

நீளம் மூன்றடி, அகலம் ஒன்றரை அடி, கனம் முக்கால் அங்குலம். தரையிலிருந்து 30 அங்குல உயரம். ஒரே பலகை போடவில்லை. ஆறங்குலப் பலகை மூன்று. நடுவில் பழைய எட்டணாக் காசு நுழையும் அளவு சந்து. ஐப்பசி மழைக்கு மரம் அகலவாக்கில் ஊதும், சித்திரையில் சுருங்கும். சந்து விடாவிட்டால் பலகைகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளும்.

மேஜையைத் தாங்க, கதவு மாதிரி திறந்து மூடும் முக்கோணச் சட்டம் இரண்டு, ஓரடி நீளத்தில். இரண்டையும் உள்பக்கம் மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பலகை அதன்மேல் தொங்கிவிடும்.

ஆனால் உயிர் இருப்பது சுவரில். பலகையின் கனம் ஐந்தாறு கிலோதான். எழுந்திருக்கும்போது மனுஷன் வெளி விளிம்பில் கை ஊன்றுவாரே, அந்தக் கனம்தான் ஸ்க்ரூவைப் பிடுங்கப் பார்க்கும். சுவர்ப் பூச்சு அதைத் தாங்காது. செங்கல் வரைக்கும் துளை போட்டு, பிளக் செருகி, முதலில் ஒரு மரச்சட்டத்தை முடுக்கினேன். கீல் எல்லாம் அந்தச் சட்டத்தில்.

ரசமட்டம் வாங்கக் கிளம்பினேன். "அதுக்கு எதுக்குடா காசு?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. தறி நூலில் ஒரு போல்ட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார் அப்பா. "எடது பக்கம் ஒரு நூல் தூக்கு."

ஆசாரிக்கு நூல் என்றால் அரைக்கால் அங்குலம். நெசவாளிக்கு நூல் என்றால் வயிறு. தூக்கினேன். பலகையில் வைத்த தம்ளர் தண்ணீர் அசையாமல் நின்றது. அன்றைக்கு முழுக்க அவர் மேஸ்திரி, நான் சித்தாள். பல மாசம் கழித்து அவர் குரலில் பழைய அதட்டல் கேட்டது.

மேஜையில் இப்போது காலையில் காய் நறுக்குகிறார்கள், சாயங்காலம் பையன் வீட்டுப்பாடம் எழுதுகிறான், ராத்திரி அப்பா சாப்பிடுகிறார். முடிந்ததும் பாய் மாதிரி அதுவும் ஒதுங்கிக்கொள்கிறது. கை ஊன்றி, யாரையும் கூப்பிடாமல் எழுந்திருக்கிறார்.

கீல், ஸ்க்ரூ, பிளக், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பி.காம். வழக்கப்படி மேஜைக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழித்துவிடலாம். ராத்திரி அப்பா கூடுதலாகக் கேட்கும் ஒரு தோசையைத்தான் எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியவில்லை!